புயல் பொய், இருட்டு மெய்: ‘தி மார்ஷியன்’ நாவலின் அறிவியல் குறித்த நிகழ்வு ஆய்வு

ஆண்டி வியர் எழுதிய ‘தி மார்ஷியன்’ நாவலை, 2011இல் ஆசிரியரே மின்னூலாக வெளியிட்டார். 2014இல் அது பதிப்பகம் வழியாக அச்சில் வந்து உலகெங்கும் பரவியது. செவ்வாய்க் கோளின் அசிடாலியா சமவெளியில் இறங்கிய ஆறு பேர் கொண்ட குழு, ஆறாவது செவ்வாய் நாளில் (செவ்வாய்க் கோளின் ஒரு பகலும் இரவும் சேர்ந்தது ஒரு செவ்வாய் நாள்) வீசும் புயலுக்கு அஞ்சி அவசரமாகக் கிளம்புகிறது. இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட மார்க் வாட்னி என்ற தாவரவியலாளர் மட்டும் அங்கே தனித்து விடப்படுகிறார். 549ஆம் செவ்வாய் நாளில் அவர் மீட்கப்படும் வரை காற்று, நீர், உணவு, மின்சாரம் ஆகிய நான்கையும் எப்படிச் சம்பாதித்தார் என்பதே கதை.

அறிவியல் புனைகதை ஒன்றில் எது சரி, எது பிழை என்று பட்டியலிடுவது எளிது. அதனால் பெரிய பயனும் இல்லை. இந்த நாவலைத் தனி நிகழ்வாக எடுத்து ஆராய வேண்டியதற்கு வேறொரு காரணம் உண்டு. இதன் நாயகன் எந்நேரமும் கணக்குப் போடுகிறான். போட்ட கணக்கை வாசகர் முன் வைக்கிறான். ஆகவே அவனது வரவு செலவைத் தணிக்கை செய்ய முடிகிறது. அப்படித் தணிக்கை செய்தால் தெரிவது இது: நாவல் எங்கெல்லாம் மெதுவாக நடக்கும் மாற்றங்களைப் பேசுகிறதோ அங்கெல்லாம் அறிவியல் உறுதியாக நிற்கிறது; எங்கே திடீர்ச் சம்பவம் தேவைப்பட்டதோ அங்கே இயற்பியல் கதைக்காக விட்டுக்கொடுக்கிறது. இடையில், கணக்கு சரியாக இருப்பது போலத் தோன்றும் ஓரிடத்தில், அலகு ஒன்று கவனிக்கப்படாமல் மாறிப் போயிருக்கிறது.

தொடக்கப் புயல்

நாவலில் வீசும் காற்றின் வேகம் மணிக்கு 175 கி.மீ. பூமியில் இது கூரைகளைப் பிய்த்தெறியும் சூறாவளி. ஆனால் காற்று தரும் அழுத்தம் வேகத்தை மட்டும் சார்ந்ததன்று. காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கி, அதில் பாதி எடுத்தால் வருவது. பூமியில் கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ நிறை கொண்டது. செவ்வாயின் தரையில் அது 0.02 கிலோ, அதாவது அறுபதில் ஒரு பங்கு. எனவே 175 கி.மீ. வேகச் செவ்வாய்க் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது கொடுப்பது ஏறத்தாழ 24 பாஸ்கல் அழுத்தமே. பூமியில் அதே அழுத்தத்தைத் தரும் காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 22 கி.மீ.; கொடியில் காயும் துணி படபடக்கும், அவ்வளவுதான்.

நாவலில் குழு கிளம்புவதற்குக் காரணம், தரையிலிருந்து அவர்களைத் திரும்ப மேலே ஏற்றிச் செல்லும் ஏறுகலம் சாய்ந்துவிடும் என்ற அச்சம். அந்தக் கலத்தின் பக்கவாட்டுப் பரப்பை 100 சதுர மீட்டர் என்றும், நிறையை வெறும் 10 டன் என்றும் கலத்துக்குப் பாதகமாகவே வைத்துக்கொள்வோம். காற்று தள்ளும் விசை 2,400 நியூட்டன். செவ்வாயின் குறைந்த ஈர்ப்பிலும் கலத்தின் எடை 37,000 நியூட்டன். கால்களை அகட்டி நிற்கும் கலம் இதில் அசையக்கூட நியாயமில்லை. தவிர, செவ்வாயின் பலமான புயல்களில் காற்றின் வேகம் மணிக்கு 100 கி.மீ.யை ஒட்டியே நின்றுவிடுகிறது என்பது 1976இல் இறங்கிய வைக்கிங் கலங்களின் காலத்திலிருந்து தெரிந்த செய்தி. இந்தப் பிழை ஆசிரியருக்கும் தெரிந்ததே. தெரிந்தேதான் வைத்ததாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மனிதனுக்கும் இயற்கைக்கும் நடக்கும் போரில் முதல் அடியை இயற்கை அடிக்க வேண்டும் என்பது அவர் தரப்பு நியாயம். கதைக்காரரின் நியாயம் என்ற அளவில் அதை ஏற்கலாம். ஆனால் நாவலைப் படித்தவர்கள் பலர் மனத்தில் பதிந்திருக்கும் செவ்வாய் இந்தப் பொய்ப் புயலின் செவ்வாய்தான் என்பது வருத்தத்திற்குரியது.

மெல்ல வரும் புயல்

அதே நாவலின் பிற்பகுதியில் இன்னொரு புயல் வருகிறது. விமர்சனங்களில் அதிகம் பேசப்படாத அந்தப் பகுதியே, என் மதிப்பீட்டில், நூலின் மிகச் சிறந்த அறிவியல். வாட்னி தன் ஊர்தியில் ஸ்கியாபரெல்லிப் பள்ளத்தை நோக்கி 3,200 கி.மீ. பயணத்தில் இருக்கிறார். காற்றின் ஊளை எதுவும் கேட்கவில்லை; வானம் திடுமெனக் கறுக்கவும் இல்லை. சூரியத் தகடுகள் தரும் மின்சாரம் நாளுக்கு நாள் சிறிது குறைகிறது. கண்ணுக்குப் புலப்படாத இந்தக் குறைவை மின்மானியின் எண்கள் மட்டுமே காட்டுகின்றன. பூமியுடன் தொடர்பு அற்றுப்போன நிலையில், தான் ஒரு தூசுப் புயலின் விளிம்புக்குள் ஓட்டிக்கொண்டிருப்பதை அவர் அந்த எண்களிலிருந்தே ஊகிக்கிறார்.

அடுத்து அவர் செய்வது நுட்பமான அளவீடு. தகட்டுத் துண்டுகளை மின்னளவைப் பதிவு செய்யும் அமைப்புடன், பயணப் பாதைக்குக் குறுக்கே ஒரே கோட்டில் வெகுதூர இடைவெளிகளில் வைத்துவிட்டு, மறுநாள் திரும்பிச் சென்று பதிவுகளை ஒப்பிடுகிறார். எந்த முனையில் இருட்டு அதிகம் என்பது தெரிந்தால் புயலின் அடர்ந்த பகுதி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரியும். நேரத்தோடு அந்த எண்கள் மாறும் விதத்திலிருந்து அது எந்தத் திசையில் நகர்கிறது என்பதும் தெரியும். வானிலைச் செயற்கைக்கோள் இல்லாத ஒருவர், இடத்தாலும் காலத்தாலும் மாறும் ஓர் அளவின் சரிவைக் கையிலிருக்கும் பொருளைக் கொண்டு கண்டறிகிறார். இதில் புனைவு என்று சொல்ல எதுவுமில்லை. அளவிடப்படும் வேறுபாடு கருவியின் பிழையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், எல்லாத் தகடுகளிலும் ஒரே அளவு தூசு படிந்திருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் மட்டுமே உண்டு.

நூல் வெளியாகிச் சில ஆண்டுகளில் இந்தப் பகுதி உண்மையிலேயே நடந்தேறியது. 2004 ஜனவரியில் இறங்கி, 90 செவ்வாய் நாள் உழைத்தால் போதும் என்று வடிவமைக்கப்பட்டு, பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஆப்பர்ச்சுனிட்டி உலவியை (செவ்வாய்த் தரையில் ஊர்ந்து ஆராயும் ஆளில்லா வண்டியை) 2018இல் கோள் முழுவதையும் மூடிய தூசுப் புயல் சூழ்ந்தது. வளிமண்டலத்தின் ஒளிபுகாத் தன்மையைக் குறிக்கும் அளவு 10.8 என்று அது கடைசியாக அனுப்பிய தகவல் காட்டியது. இதன் பொருள், சூரியனிலிருந்து நேராக வரும் ஒளியில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கே தரையை எட்டியது என்பதாகும். எஞ்சியது தூசியில் சிதறி வந்த மங்கிய வெளிச்சம். 2018 ஜூன் 10க்குப் பிறகு அதனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. 2019 பிப்ரவரி 13 அன்று நாசா அந்தப் பணியை முடித்துக்கொண்டது. காற்று அந்த உலவியைப் புரட்டிப் போடவில்லை. இருட்டும் அதைத் தொடர்ந்த குளிரும் சேர்ந்து கொன்றன. அதே புயலில் புளூட்டோனிய வெப்பத்தால் இயங்கும் கியூரியாசிட்டி உலவி தன் வேலையைத் தொடர்ந்து செய்தது.

நீர்க் கணக்கும் ஓர் அலகுப் பிழையும்

உருளைக்கிழங்கு பயிரிட மண்ணுக்கு நீர் தேவை. ஒரு கன மீட்டர் மண்ணுக்கு 40 லிட்டர் என்பது வாட்னியின் கணக்கு. 126 சதுர மீட்டர் பரப்பில் 10 செ.மீ. ஆழ மண் என்றால் 12.6 கன மீட்டர். ஏறத்தாழ 500 லிட்டர் நீர் வேண்டும். கையிருப்பு 300 லிட்டர், அதில் குடிப்பதற்கும் ஒதுக்க வேண்டும். பற்றாக்குறையை ஈடுகட்ட, தரையிறங்கிய கலத்தில் மிஞ்சிய ஹைட்ரசீன் எரிபொருளை இரிடியம் வினையூக்கியின் மீது சொட்டுச் சொட்டாக விட்டு, நைட்ரஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரித்து, அந்த ஹைட்ரஜனை ஆக்சிஜனில் எரித்து நீராக்குகிறார்.

வேதியியல் முற்றிலும் சரி. செயற்கைக்கோள்களின் சிறு உந்திகளில் பல்லாண்டுகளாக நடப்பது இதே பிரிகைதான். இடைநிலையில் அம்மோனியா உருவாகும், அதில் ஒரு பகுதி பிரியாமலே தங்கிவிடும் என்பதையும் ஆசிரியர் மறக்காமல் சொல்கிறார். இடறல் அளவில்தான். மிஞ்சியிருந்த 292 லிட்டர் ஹைட்ரசீனிலிருந்து ஏறக்குறைய 600 லிட்டர் நீர் கிடைக்கும் என்கிறது நாவல். ஒரு ஹைட்ரசீன் மூலக்கூறில் நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஆகவே ஒரு மூலக்கூறு ஹைட்ரசீனுக்கு இரண்டு மூலக்கூறு நீர் என்பது உண்மை. ஆனால் ஒன்றுக்கு இரண்டு என்ற இந்த விகிதம் மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்கு உரியது. வாயுக்களாக இருந்தால், ஒரே வெப்ப அழுத்த நிலையில், கன அளவுக்கும் அதுவே பொருந்தும், திரவங்களுக்குப் பொருந்தாது. திரவத்துக்கு எடை வழியாகத்தான் வர வேண்டும். 32 கிராம் ஹைட்ரசீனில் 4 கிராம் ஹைட்ரஜன். அது 32 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்து 36 கிராம் நீராகிறது. ஒரு லிட்டர் ஹைட்ரசீனின் நிறை 1.02 கிலோ. ஆக, ஒரு லிட்டருக்கு 1.15 லிட்டர் நீரே கிடைக்கும். 292 லிட்டருக்கு ஏறத்தாழ 335 லிட்டர். நாவல் சொல்வதில் பாதிக்குச் சற்றே மேல்.

இவ்வளவு பெரிய இடறலுக்குப் பிறகும் கதை பிழைத்துக்கொள்கிறது. கையிருப்பிலிருந்து 250 லிட்டரை மண்ணுக்குக் கொடுத்து, இந்த 335ஐயும் சேர்த்தால் 585 லிட்டர். தேவைப்படும் 500க்கு அது போதும். பயிர் காயவில்லை, வாட்னியும் சாகவில்லை. ஆனால் தாளில் தேவைக்கு மிஞ்சிய செழிப்பாகத் தெரிந்தது, உண்மையில் கைக்கும் வாய்க்கும் எட்டும் அளவே.

இந்த வேதிவினையில் வெளிப்படும் வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 335 லிட்டர் நீர் உருவாக 37 கிலோ ஹைட்ரஜன் எரிய வேண்டும். அது வெளிவிடும் ஆற்றலைப் பத்து நாட்களுக்குச் சமமாகப் பரப்பினாலும், அவர் வசிக்கும் மூடிய கூடாரத்துக்குள் இரவும் பகலும் ஆறு கிலோவாட் அடுப்பு ஒன்று எரிவதற்குச் சமம். வெளியே உறைபனிக்குக் கீழே பல பத்துப் பாகைக் குளிர். காற்றோ மெலிந்தது, வெப்பத்தை எளிதில் கடத்தாது. கூடாரம் சூடேறாமல் வைத்திருப்பது தனிப் பொறியியல்.

ஹைட்ரஜன் முழுவதும் எரிந்துவிடவில்லை, கூடாரக் காற்றில் 64 விழுக்காடு ஹைட்ரஜன் தேங்கிவிட்டது என்று வாட்னி கண்டுபிடிக்கும் இடம் நன்கு யோசித்து எழுதப்பட்டது. ஆக்சிஜன் இல்லாமல் ஹைட்ரஜன் எரியாது. ஆகவே கூடாரத்தின் ஆக்சிஜனை நீக்கிவிட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் சிறிது ஆக்சிஜனைச் செலுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக எரித்துத் தீர்க்க அவர் முனைகிறார். கணக்கில் வராமல் போனது அவருடைய மூச்சு. முகமூடி வழியாக உள்ளிழுக்கும் ஆக்சிஜனில் உடல் எடுத்துக்கொள்வது சிறு பகுதியே. பெரும்பகுதி வெளிமூச்சோடு திரும்பக் கூடாரத்துக்கே போகிறது. அந்த ஆக்சிஜன் சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்தில் வெடிக்கிறது. மூடிய அமைப்பில் பணியாற்றும் எவரும் செய்யக்கூடிய பிழை இது: அமைப்பைக் கண்காணிப்பவரே அமைப்பின் உறுப்பு என்பதை மறப்பது.

மண்ணில் இருந்தது, மண்ணில் இல்லாதது

நாவல் மின்னூலாக வந்தபோது உலகம் அறிந்திராத ஒரு செய்தி 2013இல் வெளியானது. கியூரியாசிட்டி உலவி கேல் பள்ளத்தில் அள்ளிய நுண்மணலைச் சூடாக்கிப் பார்த்தபோது, எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு நீர் ஆவியாக வெளிவந்தது. ஒரு கன மீட்டர் மண்ணை ஒன்றரை டன் என்று கொண்டால் அதில் 30 லிட்டர் நீர். வாட்னி தன் பயிருக்கு வேண்டுமென்று கணித்த கன மீட்டருக்கு 40 லிட்டரோடு இதை ஒப்பிட்டால், அவர் உயிரைப் பணயம் வைத்துச் செய்த ஹைட்ரசீன் வேள்வி அவசியமே இல்லாதது என்று தோன்றும். அந்த நீர் கனிமங்களோடு பிணைந்திருக்கிறது, நூற்றுக்கணக்கான பாகைக்குச் சூடாக்கினால்தான் முழுவதும் வரும், கூடவே அமில ஆவிகளும் வரும். இருந்தும், வெடிக்கும் எரிபொருளைக் கூடாரத்துக்குள் பிரிப்பதைவிட அது பாதுகாப்பானது. எழுதிய காலத்தின் அறிவை மட்டும் வைத்து எழுதியவரை இதற்காகக் குறை சொல்ல இயலாது.

பெர்குளோரேட் விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது. 2008 மே 25 அன்று செவ்வாயின் வடதுருவப் பகுதியில் இறங்கிய ஃபீனிக்ஸ் கலம், மண்ணை நீரில் கரைத்துச் சோதித்து, அரை விழுக்காடு அளவுக்குப் பெர்குளோரேட் உப்பு இருப்பதை அறிவித்துவிட்டது. தைராய்டு சுரப்பி அயோடினை உறிஞ்சுவதை இந்த உப்பு தடுக்கும். நாவலில் செவ்வாய் மண், மனிதக் கழிவும் பூமியிலிருந்து வந்த சிறிதளவு மண்ணும் கலந்தவுடன் வயலாகிவிடுகிறது. உண்மையில் முதலில் மண்ணை அலச வேண்டும். பெர்குளோரேட் நீரில் எளிதில் கரையும் என்பது நல்ல செய்தி. அலசிய நீரை மறுபடி தூய்மைப்படுத்த வேண்டும் என்பது மேலும் ஒரு செலவு.

பயிரே சாத்தியமா என்ற கேள்விக்கு விடை ஓரளவு ஆம் என்பதே. 1995 அக்டோபரில் கொலம்பியா விண்ணோடத்தில் உருளைக்கிழங்குச் செடியின் இலைத் துண்டுகள் எடையின்மையிலும் கிழங்கு வைத்தன. லிமாவிலுள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் பெரு நாட்டுப் பாலைவனத்தின் உப்பு மண்ணில், மூடிய பெட்டிக்குள் செவ்வாய்ச் சூழலை ஒப்பமைத்துக் கிழங்கு முளைக்க வைத்ததை 2017இல் அறிவித்தது.

ஆனால் உண்மையான தடை மண்ணன்று, ஒளி. கூடாரத்துக்குள் வெயில் வராது, விளக்கு வேண்டும். விளக்குக்கு மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து வர வேண்டும். செவ்வாய்க்கு வந்து சேரும் வெயில் பூமிக்கு வருவதில் 43 விழுக்காடு, அதாவது சதுர மீட்டருக்கு 590 வாட். இரவையும் சாய்வான வெயிலையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், தூசு இல்லாத நிலநடுக்கோட்டில்கூட 190 வாட்டுக்கு மேல் தேறாது. தகடு அதில் ஐந்தில் ஒன்றை மின்சாரமாக்குகிறது, விளக்கு அதில் பாதியை ஒளியாக்குகிறது என்று தாராளமாக வைத்தாலும், ஒரு சதுர மீட்டர் தகட்டிலிருந்து பயிருக்குக் கிடைப்பது 19 வாட் ஒளி. நல்ல விளைச்சல் வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் பயிருக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். 126 சதுர மீட்டர் வயலுக்கு ஏறத்தாழ 300 சதுர மீட்டர் தகடு. அதுவும் வெளிச்சத்துக்கு மட்டும். நீரை ஒவ்வொரு லிட்டராக எண்ணும் வாட்னி, இந்தச் செலவை எங்குமே உரிய கண்டிப்போடு எழுதிவைப்பதில்லை. நாவலின் பெரிய ஓட்டை எனக்குப் புயலைவிட இதுவாகத்தான் தெரிகிறது. புயல் தெரிந்தே செய்த சமரசம்.

கப்பலும் கதிர்வீச்சும்

குழுவை ஏற்றிச் செல்லும் ஹெர்மிஸ் கப்பல், மின்னூட்டம் பெற்ற துகள்களை வெளித்தள்ளி உந்தும் அயனி எந்திரங்களால் நொடிக்கு நொடி 2 மில்லிமீட்டர் வேகம் கூடிக்கொண்டே போகிறது. இதற்கான பாதையைக் கணிக்க ஆசிரியர் தாமே ஒரு மென்பொருள் எழுதினார். கொள்கையளவில் குறையில்லை. அளவில் தூரம் அதிகம்: 2007இல் கிளம்பி, சிறுகோள் பட்டையிலுள்ள வெஸ்டாவையும் சீரிஸையும் சுற்றிய நாசாவின் டான் கலத்தின் அயனி எந்திரம் 90 மில்லிநியூட்டன் தள்ளியது. கப்பல் 100 டன் என்றால் தேவை 200 நியூட்டன். அப்படிப்பட்ட எந்திரங்கள் இரண்டாயிரத்துக்கு மேல், சில மெகாவாட் மின்சாரத்தோடு. நாவல் கப்பலுக்கு அணுஉலை வைத்திருப்பது அதனால்தான். அந்த உலையின் கழிவு வெப்பத்தை வெற்றிடத்தில் வீசியெறியும் பெரும் தகடுகளைப் பற்றி அது அதிகம் பேசுவதில்லை.

கதிர்வீச்சைச் சுருக்கமாகவே சொல்லலாம். கியூரியாசிட்டியின் கருவி பயணத்தின்போது நாளுக்கு 1.8 மில்லிசீவர்ட்டும் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), செவ்வாய்த் தரையில் 0.64 மில்லிசீவர்ட்டும் அளந்தது. வாட்னி தரையில் கழித்த காலத்துக்கு 360. போகவர 300 நாள் என்று கொண்டால் மேலும் 540. மொத்தம் 900 மில்லிசீவர்ட். நாசா இப்போது விண்வெளி வீரருக்கு வாழ்நாள் முழுவதற்கும் அனுமதிப்பது 600. மெல்லிய கூடாரத் துணி அண்டக் கதிர்களைத் தடுக்காது.

காற்றைத் திரும்பப் பெறுதல்

திரும்பிப் போகும் ஏறுகலத்தை ஆட்களுக்கு முன்பே அனுப்பி, அது செவ்வாயின் காற்றிலிருந்தே தன் எரிபொருளைத் தயாரித்துக்கொள்ளும் என்ற திட்டம் பொறியாளர்கள் ராபர்ட் சூப்ரினும் டேவிட் பேக்கரும் 1990இல் முன்வைத்த கருத்தின் வழி வந்தது. ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் சேர்ந்து மீத்தேனும் நீரும் தரும்; நீரைப் பிரித்தால் ஆக்சிஜன். பூமியிலிருந்து கொண்டுபோன ஒரு கிலோ ஹைட்ரஜன் 4 கிலோ மீத்தேனையும் 8 கிலோ ஆக்சிஜனையும் தரும். கரியமில வாயுவிலிருந்து கூடுதல் ஆக்சிஜன் எடுத்தால் இன்னும் மேலே போகலாம். ஒரு கிலோ ஹைட்ரஜனிலிருந்து 13 கிலோ எரிபொருள் என்று நாவல் சொல்வது இந்த எல்லைக்குள் சரியாக விழுகிறது. தொட்டி நிரம்ப 24 மாதம் ஆகும் என்பதும் பூமியிலிருந்து செவ்வாய்க்குக் கிளம்பும் வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறை வருவதோடு பொருந்துகிறது.

இதில் ஒரு பாதி இப்போது செவ்வாயிலேயே செய்து காட்டப்பட்டுவிட்டது. 2021 பிப்ரவரியில் இறங்கிய பெர்சிவரன்ஸ் உலவியின் வயிற்றில் இருந்த மாக்ஸி என்ற கருவி, கரியமில வாயுவைச் சூடாக்கி மின்னாற்றலால் பிரித்து, 2021 ஏப்ரலில் முதல்முறையாக 5 கிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் எடுத்தது. 2023 வரை 16 முறை இயக்கப்பட்டு மொத்தம் 122 கிராம் தந்தது. உச்ச வேகம் மணிக்கு 12 கிராம். ஒரு மனிதர் நாளொன்றுக்கு சுவாசிக்க 840 கிராம் வேண்டும். இந்த உச்ச வேகத்தில் இடைவிடாமல் ஓடும் மூன்று மாக்ஸிகள் இருந்தால் வாட்னியின் மூச்சுக்குப் போதும். ஏறுகலத்தின் கதை வேறு: நான்கு பேரைத் தரையிலிருந்து கிளப்ப 7 டன் எரிபொருளும் 25 டன் ஆக்சிஜனும் வேண்டும் என்பது நாசாவின் மதிப்பீடு. அந்த 25 டன்னை ஒரே ஒரு மாக்ஸி எடுத்து முடிக்க ஏறத்தாழ 238 ஆண்டுகள் ஆகும். நாவல் கொடுக்கும் 24 மாதத்தில் முடிக்க, அதைப் போல 120 மடங்கு பெரிய கருவியும் அதற்கு இரவு பகலாக மின்சாரம் கொடுக்கும் மூலமும் வேண்டும். தூசுப் புயல் வந்தால் இருண்டு போகாத மூலமாக அது இருக்க வேண்டும் என்பதால், செவ்வாய்த் திட்டங்களைப் பேசுவோர் தரையில் வைக்கும் சிறிய அணுஉலையைப் பற்றியும் சேர்த்தே பேசுகிறார்கள்.